கத்தி வைத்திருந்த ஆள்

கப்பல் மட்டுமே வந்துபோன காலம். கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி ஒரு தீவு நகரம். அங்கே மாசிலாமணி என்று ஒருவர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்.

தீவில் பல ஊர்க்காரர்கள் குடியேறியிருந்தார்கள். கடலோரம் முழுக்கத் தமிழர்கள். நீதிபதிகள் வடக்கிலிருந்து வருவார்கள், சில வருடம் இருப்பார்கள், போய்விடுவார்கள். கோர்ட்டில் எல்லாம் ஆங்கிலம்தான். தமிழர் யாராவது கூண்டில் ஏறினால் பக்கத்தில் மாசிலாமணி போய் நிற்பார். அவர்கள் ‘நான்’ என்றால் இவர் ‘ஐ’ என்பார். அவர்கள் அழுதால் இவர் அழமாட்டார். சொன்னதைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருப்பார்.

அந்த வருடம் வந்த நீதிபதி இலக்கணம் பார்ப்பவர். ஒருநாள் மாசிலாமணியைப் பாதியில் நிறுத்தி, “நீங்கள் சொன்னது வாக்கியமா, வெறும் சொற்றொடரா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். மாசிலாமணிக்குப் பதில் தெரியவில்லை. குமாஸ்தாக்கள் சிரித்தார்கள்.

அன்று மாலையே அவர் ஞானசௌந்தரி டீச்சரின் வகுப்பில் சேர்ந்தார்.

டீச்சர் அவரைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வலைகள் போட்டுவைக்கும் கிடங்கின் மாடியில் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். நர்சுகள், துறைமுகக் குமாஸ்தாக்கள், ஒரு பாதிரியார் எல்லாரும் படித்தார்கள். அதிகம் விளக்கமாட்டார். யாராவது கேள்வி கேட்டால் அவர்களுக்கு ஒரு வேலை வைப்பார். டீச்சர் உள்ளே வந்தால் மாசிலாமணி எழுந்து நிற்பார். வேண்டாம் என்று டீச்சர் பலமுறை சொல்லியும் அவர் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சிலுவைமுத்துவின் வழக்கு வந்தது.

சிலுவைமுத்து மீன்பிடிக்கிறவர். ஐஸ் வியாபாரி கோமதிநாயகத்துக்கும் அவருக்கும் படகுத்துறையில் சண்டை. கோமதிநாயகத்தின் தொடையில் கத்தி ஆழமாக இறங்கியிருந்தது. பிழைத்ததே பெரிது என்றார்கள். கொலை முயற்சி என்று வழக்கு. சண்டையைப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான், துறையில் ஆப்பம் விற்கும் செல்லக்கிளி.

செல்லக்கிளி கூண்டில் ஏறினார். அரசு வக்கீல் கேட்டார். மாசிலாமணி தமிழில் சொன்னார்.

“என்ன பாத்தீங்க?”

“கத்தி வச்சிருந்த ஆள இவுக அடிச்சாக.” செல்லக்கிளி சிலுவைமுத்துவைக் காட்டினார்.

மாசிலாமணி நீதிபதியின் பக்கம் திரும்பினார். “ஹி ஸ்ட்ரக் த மேன் வித் த நைஃப்.”

“அதுக்கப்புறம்?”

“அவரு விழுந்தாரு. ஒரே ரத்தம். நான் கண்ண மூடிக்கிட்டேன்.”

அதையும் சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டார். சிலுவைமுத்துவின் வக்கீலுக்குத் தமிழ் தெரியாது. வெளிச்சம் இருந்ததா என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

பிறகொரு நாள் சிலுவைமுத்துவின் வாக்குமூலம். “கத்தி என்னுது இல்லய்யா. நான் கையாலதான் அடிச்சேன்” என்றார். அதையும் மாசிலாமணி பிசகாமல் சொன்னார். நீதிபதி சிலுவைமுத்துவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏன் அப்படிப் பார்க்கிறார் என்று மாசிலாமணி யோசிக்கவில்லை. கோர்ட்டில் யோசிப்பது அவர் வேலை இல்லை.

*

வகுப்பில் சொற்றொடர்கள் நடந்துகொண்டிருந்தன. மாசிலாமணி எல்லா வகையையும் மனப்பாடம் செய்திருந்தார். நவுன் பிரேஸ், அட்ஜெக்டிவ் பிரேஸ், அட்வெர்ப் பிரேஸ், பிரெபொசிஷன் பிரேஸ், ஜெரண்ட், இன்ஃபினிடிவ், பார்ட்டிசிபிள். துறைக்கு வரும் கப்பல்களின் பெயர்களைச் சொல்வதுபோல வரிசையாகச் சொல்வார். ஆனால் ஒரு சொற்றொடரைக் கொடுத்து வகை கேட்டால் பாதி நேரம் தவறாகும்.

மழை பெய்த ஒரு மாலை அவர் கேட்டார்:

“டீச்சர், ஒரு பிரேஸப் பார்த்ததும் அது என்ன வகைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

டீச்சர் பலகையில் மூன்று சொற்கள் எழுதினார். ஆன் த டேபிள்.

“இது என்ன?”

“மேசை மேல.”

“அது அர்த்தம். வகை?”

மாசிலாமணி யோசித்தார். “‘ஆன்’னு ஆரம்பிக்குது. பிரெபொசிஷன் பிரேஸ்.”

“அது போட்டிருக்கிற சட்டை. என்ன வேலை பார்க்குது?”

“எங்கேன்னு சொல்லுது. அப்போ அட்வெர்ப்.”

“புத்தகத்த மேசை மேல வெச்சேன்னு சொன்னா நீங்க சொல்றது சரி. மேசை மேல இருக்கிற புத்தகம் என்னுதுன்னு சொன்னா?”

“எந்தப் புத்தகம்னு சொல்லுது. அட்ஜெக்டிவ் ஆயிடும்.”

“இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் இதே மூணு வார்த்தைதான்.”

“அப்போ பலகைல தனியா நிக்குதே, இது எது?”

“தனியா நிக்கும்போது அதுக்கு வேலையே இல்ல.”

மாசிலாமணிக்குத் திருப்தி இல்லை. “இது போதாது டீச்சர். எனக்கு ஒரு விதி வேணும்.”

டீச்சர் எழுந்தார். ஜன்னல் கம்பியில் மாசிலாமணியின் குடை தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து, முன்வரிசையில் இருந்த நர்ஸ் பியூலாவின் நாற்காலி முதுகில் மாட்டினார். பிறகு ஒன்றும் நடக்காதது போல எல்லாருக்கும் பயிற்சி கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் துறைமுகக் குமாஸ்தா இருளப்பன் நனைந்துகொண்டே வந்தார். உட்காரும்போது பியூலாவிடம், “சிஸ்டர், உங்க குடைல தண்ணி வடியுது. காலுக்கடியில பாருங்க” என்றார்.

வகுப்பு சிரித்தது. மாசிலாமணியும் சிரித்தார்.

“இது வேடிக்கை, டீச்சர். விதி கேட்டேன் நான்.”

“விதி புத்தகத்துல இருக்கு” என்றார் டீச்சர். “அடுத்த பயிற்சியப் பாருங்க.”

*

சிலுவைமுத்துவின் வழக்கில் கடைசி வாதம் தொடங்கியது. வாதத்தின்போது மொழிபெயர்ப்பாளருக்கு வேலை இல்லை. வக்கீல்கள் ஆங்கிலத்தில் பேசுவார்கள். நீதிபதி ஆங்கிலத்தில் கேட்பார். கூண்டில் நிற்பவர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாசிலாமணி சுவரோரம் தன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

அரசு வக்கீல் செல்லக்கிளியின் சாட்சியத்தை வாசித்தார். இந்தப் பெண் எதிரியான சிலுவைமுத்துவின் பக்கத்து வீட்டுக்காரி, அவளே என்ன சொல்கிறாள் கேளுங்கள் என்றார்.

“ஹி ஸ்ட்ரக் த மேன்...”

நிறுத்தினார். வலது கையை உயர்த்தினார்.

“...வித் த நைஃப்.”

கையைக் கீழே இறக்கினார். குத்துவது போல.

மாசிலாமணி ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது அவருடைய வாக்கியம். ஒரு சொல் மாறவில்லை. ஆனால் அந்த நிறுத்தலில் கத்தி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்விட்டது. கோமதிநாயகத்தின் கையில் இருந்த கத்தி இப்போது சிலுவைமுத்துவின் கையில் இருந்தது.

அவர் நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி தலையசைத்துக்கொண்டே தன் குறிப்பில் ஒரு கோடு போட்டார். சிலுவைமுத்துவின் வக்கீலைப் பார்த்தார். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சிலுவைமுத்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றி அந்த அறையில் என்ன சொல்லப்பட்டது என்று அவருக்குத் தெரியாது. அது தெரிந்திருந்த ஒரே ஆள் ஸ்டூலில் இருந்தார். அவர் எழுந்திருக்கவில்லை.

கோர்ட் கலைந்தது. மீதி வாதம் மறுநாள் என்றார்கள்.

*

வகுப்பு தொடங்குவதற்கு முன்பே மாசிலாமணி கிடங்கு மாடிக்குப் போய்விட்டார். டீச்சர் தனியாக இருந்தார். பயிற்சித் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி நின்றுகொண்டே அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

“இதுல இலக்கணப் பிழை இருக்கா, டீச்சர்?”

“இல்ல.”

“நல்லாப் பார்த்துச் சொல்லுங்க.”

“பிழை இல்ல.”

மாசிலாமணி மூச்சு விட்டார். அப்படியும் உட்காரவில்லை.

“யார் கைல கத்தி இருந்துச்சு?” என்று கேட்டார் டீச்சர்.

“அடி வாங்கினவர் கைல. கத்தியோடவே கீழ விழுந்திருக்காரு, அதுதான் தொடைல ஏறியிருக்கு. அந்தம்மா தமிழ்ல தெளிவாத்தான் சொன்னாங்க.”

“நீதிபதிக்கு அது தெரியுமா?”

“தெரியாது. வக்கீல் படிச்சதக் கேட்டா யாரா இருந்தாலும் குத்தினவர் சிலுவைமுத்துன்னுதான் நினைப்பாங்க.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“அந்தம்மாவுக்கு. சிலுவைமுத்துக்கு.”

“அவங்க நீதிபதிகிட்ட எப்படிச் சொல்வாங்க?”

அவர்கள் நீதிபதியிடம் சொல்வதற்கு இருந்த ஒரே வழி மாசிலாமணிதான்.

“சிலுவைமுத்துவோட வக்கீல் காதுல போட்டுடறேன். அவர் பார்த்துக்குவாரு” என்றார்.

“யார் சொன்னதுன்னு நீதிபதி கேட்டா?”

“என் பேரைத்தான் சொல்வாரு.”

டீச்சர் ஒரு தாளைத் திருத்தி முடித்து அடுத்ததை எடுத்தார்.

மாசிலாமணியின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. “உங்களுக்குக் கோர்ட் நடைமுறை தெரியாது, டீச்சர். மொழிபெயர்ப்பாளர் அங்க வாயத் திறந்து சொந்தமா ஒரு வார்த்தை பேசக் கூடாது. நானும் இத்தனை வருஷத்துல பேசினதில்ல. இப்ப நான் எழுந்து நின்னா, பணம் வாங்கிட்டுப் பேசறான்னு சொல்வாங்க. வேலை போயிடும். பென்ஷன் கிட்ட வந்துட்டேன்.”

“இங்கிலீஷ்ல ‘ஐ’ன்னு ஆரம்பிச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்க” என்றார் டீச்சர்.

“எதுக்கு?”

“பயிற்சி.”

மாசிலாமணி வாயைத் திறந்தார். ‘ஐ’ என்றார். மேலே ஒன்றும் வரவில்லை.

“தினமும் எத்தனை தடவ சொல்றீங்க அந்த வார்த்தைய.”

“அது என் ‘ஐ’ இல்ல, டீச்சர். கூண்டுல நிக்கறவங்களோடது.”

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. மற்றவர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். டீச்சர் தாள்களை அடுக்கினார்.

“நாளைக்கு நீங்க வகுப்புக்கு வர லேட்டாகும்” என்றார். “பரவாயில்ல.”

*

மறுநாள் காலை அரசு வக்கீல் வாதத்தைத் தொடர எழுந்தார். அதற்கு முன்பே சுவரோரம் ஒரு சத்தம். ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்திருந்தது. மாசிலாமணி நின்றுகொண்டிருந்தார்.

“மை மிஸ்டேக், யுவர் ஆனர்.”

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஸ்டூல் விழுந்ததைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்தார்.

“பரவாயில்லை. எடுத்துப் போட்டு உட்காருங்கள்.”

மாசிலாமணி உட்காரவில்லை. மறுபடியும் அதையே சொன்னார். “மை மிஸ்டேக்.”

“உங்கள் தவறு. சரி. அதற்கு என்ன?” நீதிபதிக்குப் பொறுமை குறைந்தது. “முழுதாகச் சொல்லுங்கள்.”

“ஐ...” என்று மாசிலாமணி தொடங்கினார்.

நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார். கூண்டைப் பார்த்தார். அங்கே சாட்சி யாரும் இல்லை. எதிரிக் கூண்டில் சிலுவைமுத்து வாயைத் திறக்காமல் நின்றிருந்தார்.

“யார் பேசுவது?” என்றார் நீதிபதி. “எதிரி ஏதாவது சொல்கிறாரா? அல்லது நீங்களா?”

“நான், யுவர் ஆனர்.”

பதற்றத்தில் அது தமிழில் வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். செல்லக்கிளி சொன்னதை நான் தவறாகக் கொடுத்தேன். கத்தி அடிவாங்கியவரிடம் இருந்தது என்று அவர் சொன்னார். என் வாக்கியத்தில் அது இரண்டு பக்கமும் போகிறது. இந்தக் கோர்ட் அதைத் தவறான பக்கம் எடுத்துக்கொண்டது. குற்றம் கோர்ட்டுடையது அல்ல.

அரசு வக்கீல்தான் முதலில் பேசினார்.

“சாட்சி சொன்னது நடந்து பல வாரம் ஆகிறது. நான் நேற்று வாசித்த பிறகுதான் இவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. எதிரியின் ஆட்கள் நேற்றிரவு இவரைப் பார்த்தார்களா என்று இவரிடம் கேட்க வேண்டும்.”

“பார்த்தார்களா?” என்று கேட்டார் நீதிபதி.

“இல்லை.”

“நேற்றே ஏன் சொல்லவில்லை?”

“பயந்தேன்” என்றார் மாசிலாமணி.

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு வாதத்தை ஒத்திவைத்தார். செல்லக்கிளியை மறுபடி அழைக்க உத்தரவிட்டார். மாசிலாமணி அந்த அறையில் இருக்கலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது என்றார்.

துறையில் நின்ற கப்பலில் ஒரு தமிழ் டாக்டர் இருந்தார். அவரை மொழிபெயர்க்கக் கூட்டிவந்தார்கள். செல்லக்கிளி எதற்குத் திரும்பக் கூப்பிட்டார்கள் என்று புரியாமல் கூண்டில் ஏறினார்.

“கத்தி யார் கிட்ட இருந்துச்சு?” என்று கேட்டார் டாக்டர்.

“ஐஸ்காரர் கிட்டதான்.”

“அன்னிக்கே ஏன் இதைச் சொல்லல?”

“சொன்னேனே! கத்தி வச்சிருந்த ஆளன்னு சொன்னேனே!” செல்லக்கிளி மாசிலாமணியைக் கைகாட்டினார். “இவுக கிட்டதானய்யா சொன்னேன்?”

டாக்டர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். எல்லாரும் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். மாசிலாமணி தலையைக் குனியவில்லை. செல்லக்கிளியைப் பார்த்து, ஆமாம் என்பது போலத் தலையை மட்டும் அசைத்தார்.

மழைக்காலம் முடிவதற்குள் சிலுவைமுத்து விடுதலையானார். மாசிலாமணி பணம் வாங்கினாரா என்று விசாரணை நடந்தது. வாங்கவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் இனி அவரைக் கோர்ட்டுக்கு அழைக்க வேண்டாம் என்று உத்தரவு வந்தது. அந்த உத்தரவின் இங்கிலீஷில் எந்தக் குறையும் இல்லை. ஒவ்வொரு சொற்றொடரும் எங்கே சேர வேண்டுமோ அங்கே சேர்ந்திருந்தது.

*

மாசிலாமணி வகுப்புக்குப் போவதை நிறுத்தவில்லை. எதற்குப் போகிறீர்கள் என்று மனைவி கேட்டதற்கு, பாடம் பாதியில் நிற்கிறது என்றார்.

ஒருநாள் சாயங்காலம் கிடங்கின் வாசலில் சிலுவைமுத்து நின்றிருந்தார். உள்ளே இருந்த மாதங்களில் தாடி நரைத்திருந்தது. மாசிலாமணியைப் பார்த்ததும் கைகூப்பினார்.

“உங்களப் பாக்கத்தான் வந்தேன்யா.”

“சொல்லுங்க.”

“வெளிய வந்துட்டேன். நீங்க சொன்னதாலதான்னு டாக்டரய்யா சொன்னாக.”

“வெளிய வராமப் போக இருந்ததும் நான் சொன்னதாலதான்.”

“அதையும் சொன்னாக.”

வலை காயும் வாடை அடித்துக்கொண்டிருந்தது. சிலுவைமுத்து எதையோ கேட்கத் தயங்கினார்.

“கேளுங்க” என்றார் மாசிலாமணி.

“ஒண்ணும் தப்பா எடுத்துக்கப்படாது. என் தம்பி வழக்கு ஒண்ணு முன்னாடி நடந்துச்சு. எங்க மச்சான் வழக்கும். எல்லாத்துலயும் நீங்கதான் நின்னீக. அதுலல்லாம் நாங்க சொன்னத சரியாத்தான் சொன்னீகளா?”

அவர் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மாசிலாமணி ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார்.

“தெரியல” என்றார்.

சிலுவைமுத்து தலையாட்டினார். “சரிய்யா” என்று சொல்லிவிட்டுத் துறைப் பக்கம் நடந்தார்.

அன்று வகுப்பில் மாசிலாமணி ஒன்றும் எழுதவில்லை. மற்றவர்கள் போகும்வரை பெஞ்சிலேயே இருந்தார். டீச்சர் பலகையைத் துடைத்தார். ஜன்னல்களைச் சாத்தினார். அவரைப் போகச் சொல்லவில்லை.

“டீச்சர், இத்தனை வருஷம் நின்னிருக்கேன். எத்தனை பேருக்காகப் பேசியிருப்பேன். இதுமாதிரி இன்னும் எத்தனை இருக்கும்?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கும் தெரியல. அதுதான் தூங்க விடமாட்டேங்குது. யாராவது ஒருத்தர் திருத்தியிருந்தா தெரியும். திருத்த ஆளே இல்ல. தமிழ் தெரிஞ்சவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. இங்கிலீஷ் தெரிஞ்சவங்களுக்குத் தமிழ் தெரியாது. நடுவுல நான் ஒருத்தன்தான். நான் எது சொன்னாலும் அதுதான் சரி.”

டீச்சர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“எல்லாம் வேண்டாம். ஞாபகம் இருக்கிற ஒண்ணச் சொல்லுங்க.”

சொல்லலாமா என்று மாசிலாமணி தயங்கினார்.

“ஒரு பொண்ணு” என்றார். “மாரித்தாயின்னு பேரு. துணி வெளுக்கிறவ. புருஷன் குடிச்சுட்டு அடிப்பான். குழந்தை யாருகிட்ட இருக்கணும்னு வழக்கு. அவ வெளிய வந்தப்புறம் அவன் குழந்தையத் தூக்கிட்டுப் போயி வெச்சிருந்தான். நீ எப்படி வீட்டை விட்டு வந்தேன்னு கேட்டாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“புள்ளையும் கையுமா அவர விட்டு வந்துட்டேன்னு சொன்னா.”

“நீங்க?”

மாசிலாமணி மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“ஐ லெஃப்ட் மை ஹஸ்பண்ட் வித் த சைல்ட்.”



“குழந்தையோட வந்தாள்னு எடுக்கலாம்” என்றார் மாசிலாமணி. “குழந்தைய வெச்சிருந்த புருஷன விட்டு வந்தாள்னும் எடுக்கலாம். குழந்தைய அவன்கிட்டயே விட்டுட்டுத் தனியா வந்தாள்னும் எடுக்கலாம். பெத்த குழந்தைய விட்டுட்டு வந்தவள்னு தீர்ப்புல வந்துச்சு. அப்ப எனக்கு அது ஏன்னு புரியல. ஏதோ சட்டம்னு நினைச்சேன். குழந்தை அப்பன்கிட்டயே போச்சு.”

கீழே யாரோ கிடங்கைப் பூட்டும் சத்தம் கேட்டது.

“கோர்ட்ட விட்டு வெளிய வந்து என் காலப் பிடிச்சுக்கிட்டு, ‘நான் சொன்னதச் சொன்னீங்களாய்யா’ன்னு கேட்டா. சொன்னேம்மான்னேன். உண்மையாவே சொல்லிட்டேன்னுதான் நினைச்சேன், டீச்சர்.”

“குழந்தைக்கு இப்ப என்ன வயசிருக்கும்?”

“பத்து பன்னெண்டு இருக்கும்.”

“அந்த அம்மா எங்க இருக்காங்க?”

“முன்னாடி லைட்ஹவுஸ் பக்கம் இருந்தா. இப்பத் தெரியல.”

“கேட்டா யாராவது சொல்வாங்களா?”

“சொல்வாங்க. சின்னத் தீவுதானே. துறைல யாரக் கேட்டாலும் தெரியும்.”

“அந்த நீதிபதி?”

“மாறிப் போயிட்டாரு. ஆனா தீர்ப்பு இங்கதான் இருக்கு. மறுபடி கேட்கச் சொல்லி மனு போடலாம். நான் சாட்சி சொல்லணும். ஏற்கெனவே ஒரு தப்பு செஞ்சவன் சொன்னா எடுப்பாங்களா, தெரியாது. அவ என் மூஞ்சியில முழிப்பாளான்னும் தெரியாது. வாசல்ல நின்னு நான் என்னன்னு சொல்லுவேன்? எங்க ஆரம்பிப்பேன்?”

டீச்சர் எழுந்து கதவை அகலத் திறந்தார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

“சின்னத் தீவுன்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“யாரக் கேட்டாலும் தெரியும்னு சொன்னீங்க.”

“ஆமா, டீச்சர்.”

“அப்புறம் ஏன் இங்க உட்கார்ந்திருக்கீங்க?”